படமெடுத்து அளக்கலாமா? போட்டோகிராமெட்ரி பற்றித் திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அளவை வேலைக்காக ட்ரோனும் கமராவும் தூக்கிக்கொண்டு கிண்ணியா, நிலாவெளி, கந்தளாய் என்று போகும் இடமெல்லாம் யாராவது வந்து விசாரிப்பார்கள். மணல் வியாபாரி, கோயில் நிர்வாகி, சுழியோடிகளைக் கூட்டிச் செல்பவர், கம்பஸ் மாணவர் எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்கள் சொன்னபடியே எழுதி, தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். புதியவர்கள் வரிசையாக வாசிப்பது நல்லது. பிந்திய பதில்கள் முந்தியவற்றை நம்பியே எழுதப்பட்டுள்ளன.

போட்டோகிராமெட்ரி எண்டா என்ன? படத்தில இருந்து அளவு எப்படி வரும்?

ஒரே பொருளை வெவ்வேறு இடங்களில் நின்று, ஒன்றன்மேல் ஒன்று நன்றாகப் படியும்படி பல படங்கள் எடுக்கிறோம். ஒரு தூணின் மூலை முதற்படத்தில் ஓரத்திலும் அடுத்த படத்தில் சற்று நடுவிலும் தெரியும். இப்படிப் பல படங்களில் பொதுவாகத் தெரியும் ஆயிரக்கணக்கான புள்ளிகளை மென்பொருள் தேடிப்பிடித்து, ஒவ்வொரு படமும் எங்கிருந்து எந்தத் திசையில் எடுக்கப்பட்டது என்று கணக்கிடுகிறது. பிறகு ஒவ்வொரு புள்ளியையும் நோக்கிப் பல கமரா இடங்களிலிருந்து கோடு போட்டு, அவை சந்திக்கும் இடத்தை அந்தப் புள்ளியின் இடமாக எடுத்துக்கொள்கிறது. கடைசியில் இப்படி இடம் தெரிந்த புள்ளிகளின் கூட்டமான புள்ளித்திரளும் முப்பரிமாண மாதிரியும் கிடைக்கும். மேலிருந்து எடுத்திருந்தால், வரைபடம் போல அளக்கக்கூடிய ஒரு பெரிய ஓர்தோ படமும் வரும்.

யோசனை பழையது. 1858இல் ஜெர்மனியின் வெட்ஸ்லார் தேவாலயத்தை அளக்க ஏறிய அல்பிரெக்ட் மைடன்பவர் என்ற இளம் கட்டடக் கலைஞர் மேலிருந்து விழப் பார்த்தார். சுவரில் தொங்கி அளப்பதைவிடப் படமெடுத்து அளந்தால் என்ன என்று அவர் யோசித்தது அதற்குப் பிறகுதான். அன்று கையால் நாட்கணக்கில் போட்ட கணக்கை இன்று கணனி போடுகிறது. கேத்திரகணிதம் அதேதான்.

ட்ரோன் இல்லாமச் செய்யேலாதா அண்ணா?

தாராளமாகச் செய்யலாம். சிலை, கல்வெட்டு, தேரின் மரச்சிற்பம், பானை, உடைந்த இயந்திர உறுப்பு இதற்கெல்லாம் கையில் இருக்கும் போன் போதும். கூரை, குளக்கட்டு, வயல், மணல் கும்பி என்று மேலிருந்து பார்க்க வேண்டியவற்றுக்குத்தான் ட்ரோன். பழகிப் பார்க்க விரும்புபவர்கள் வீட்டு முற்றத்தில் ஆட்டுக்கல்லைச் சுற்றி நடந்து படமெடுத்துத் தொடங்குங்கள். கருங்கல்லின் சொரசொரப்பு மென்பொருளுக்கு மிகவும் பிடிக்கும்.

எத்தனை படம் எடுக்க வேணும்?

எண்ணிக்கையை விட, அடுத்தடுத்த படங்கள் எவ்வளவு படிகின்றன என்பதுதான் முக்கியம். ட்ரோன் வேலையில் பறக்கும் திசையில் 75 முதல் 80 வீதம், பக்கத்து வரிசையோடு 60 முதல் 70 வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையால் எடுக்கும்போது ஓரடி, ஈரடி நகர்ந்து ஒரு படம், முழுச் சுற்று முடிந்ததும் உயரத்தை மாற்றி இன்னொரு சுற்று. ஒரே இடத்தில் நின்று கமராவை மட்டும் திருப்பிக்கொண்டே எடுத்தால் நூறு படம் எடுத்தும் ஆழம் வராது. கால் நகர வேண்டும்.

ஸூம் செய்யாதீர்கள். போகஸும் வெளிச்ச அளவும் படத்துக்குப் படம் மாறாமல் பூட்டி வையுங்கள். எங்கள் ஊர் நடுப்பகல் வெயிலில் நிழல் கறுப்பாக விழும், அங்கே விபரம் செத்துவிடும். கல்வேலைக்கு மேகம் மூடிய நாளோ காலை வேளையோ நல்லது.

எதை எடுத்தா வராது?

பளபளப்பது, ஊடுருவித் தெரிவது, அசைவது, ஒரே நிறமாக வெறுமையாக இருப்பது. கண்ணாடி, குரோம் பூசிய பம்பர், கடல் நீர், காற்றில் ஆடும் தென்னோலை, புதிதாக வெள்ளையடித்த சுவர் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். எண்ணெய் அபிஷேகத்தில் மினுங்கும் விக்கிரகமும் அப்படித்தான். வெள்ளைச் சுவரில் நாலைந்து இடத்தில் செய்தித்தாள் துண்டு ஒட்டினால் தப்பிக்கலாம். விக்கிரகத்துக்கு அந்த வழி இல்லை. ஐயரிடம் கேட்டு, அபிஷேகத்துக்கு முன் உலர்ந்திருக்கும் நேரம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

மாதிரி வடிவாத்தான் இருக்கு. ஆனா அளவு சரியெண்டு எப்பிடி நம்புறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் வாசிப்பதானால் இதை வாசியுங்கள். படங்களிலிருந்து கணனிக்குத் தெரிவது வடிவம் மட்டும்தான். கோணேசர் கோயில் கோபுரத்தையும், கடையில் விற்கும் அதன் பொம்மையையும் ஒரே கோணங்களில் எடுத்தால் ஒரே மாதிரித்தான் வரும். ஒரு அலகு ஒரு மீற்றரா ஒரு சென்ரிமீற்றரா என்பதை நீங்கள்தான் வெளியிலிருந்து கொடுக்க வேண்டும்.

சின்னப் பொருளென்றால், நீளம் துல்லியமாகத் தெரிந்த அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படத்துக்குள் சேர்த்துவிடுங்கள். நிலமென்றால் தரையில் கட்டுப்பாட்டுப் புள்ளிகள், அதாவது படத்தில் தெளிவாகத் தெரியும் குறிகள் வைத்து, அவற்றின் இடத்தைத் துல்லிய ஜிபிஎஸ் கருவியாலோ, நில அளவையாளர்கள் முக்காலியில் வைத்துப் பார்க்கும் டோட்டல் ஸ்டேஷனாலோ அளக்க வேண்டும். குறைந்தது 3, நடைமுறையில் 5க்கு மேல், இடத்தின் நாலு மூலையிலும் நடுவிலுமாக. ஒரு பக்கமாகக் குவித்து வைத்தால் மற்றப் பக்கம் வளைந்து போகும்.

அப்புறம், அளந்த புள்ளிகளில் இரண்டு மூன்றைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கி வையுங்கள். மாதிரி வந்தபின் அந்தப் புள்ளிகள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். அந்த வித்தியாசம்தான் உங்கள் உண்மையான பிழை. மென்பொருள் கடைசியில் அச்சடித்துத் தரும் அழகான அறிக்கை, தான் பயன்படுத்திய புள்ளிகளோடு தானே ஒத்துப்போவதைத்தான் சொல்கிறது. வேலை கொடுப்பவர்கள் கேட்டு வாங்க வேண்டியது ஒதுக்கி வைத்த புள்ளிகளின் கணக்கை.

சென்ரிமீற்றர் சுத்தமா வருமா?

எவ்வளவு உயரத்தில் பறந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. சாதாரணமாகக் கிடைக்கும் 20 மெகாபிக்சல், 1 அங்குல உணரி கொண்ட ட்ரோன் கமரா 100 மீற்றர் உயரத்தில் ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 2.7 சென்ரிமீற்றர் நிலத்தைப் பிடிக்கும். 60 மீற்றருக்கு இறங்கினால் 1.6 ஆகும். கட்டுப்பாட்டுப் புள்ளிகள் ஒழுங்காக இருந்தால் கிடைப்பக்கத்தில் பிழை ஒன்று அல்லது இரண்டு பிக்சலுக்குள் நிற்கும். நிலத்தின் உயர அளவில் அதைப்போல் ஒன்றரை, இரண்டு மடங்கு பிழை எதிர்பாருங்கள். "மில்லிமீற்றர் துல்லியம்" என்று யாராவது ட்ரோன் விலைப்பட்டியலில் எழுதித் தந்தால் எந்த உயரத்தில் என்று கேளுங்கள்.

மணல் கும்பியை அளந்து தருவீங்களா? டிப்பர் கணக்கோட ஒத்து வருமா?

மகாவலி மணல் ஏற்றும் பக்கங்களில் அதிகம் கேட்கப்படுவது இதுதான். இந்தத் தொழில்நுட்பம் உழைப்பைக் காட்டும் இடமும் இதுதான். கும்பியின் மேல் ஆட்கள் ஏறி அளவுக்கோல் பிடிக்கத் தேவையில்லை. பதினைந்து, இருபது நிமிடம் பறந்தால் மேற்பரப்பு முழுவதும் வந்துவிடும். புல்மோட்டையில் குவிக்கும் கனிம மணல் போன்றவற்றுக்கும், சீமெந்துத் தொழிற்சாலையின் மூலப்பொருட் குவியலுக்கும் இதே முறை பொருந்தும்.

சிக்கல் கும்பியின் அடியில் இருக்கிறது. மேற்பரப்பை ட்ரோன் பார்க்கும், கும்பிக்குக் கீழே நிலம் எப்படி இருந்தது என்பதை அது பார்த்ததில்லை. 400 சதுர மீற்றர் பரப்பில் அடித்தளத்தை 5 சென்ரிமீற்றர் தவறாக எடுத்தால் 20 கன மீற்றர் பிழைக்கும். நம்மூர்க் கணக்கில் ஒரு கியூப் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர். ஆக ஏறத்தாழ 7 கியூப் காற்றில் போகும். மணல் கொட்டுவதற்கு முன்பே வெறும் நிலத்தை ஒருமுறை பறந்து எடுத்து வைத்தால் இந்தச் சண்டை வராது.

டிப்பர் கணக்கோடு அப்படியே ஒத்து வராது. ஏற்றும்போது மணல் குலைந்து உப்பும், கும்பியில் கிடந்து அமரும். ஈரமும் கனவளவை மாற்றும். எடை வேண்டுமானால் அடர்த்தியைத் தனியே சோதித்துப் பெருக்க வேண்டும். படத்தில் எடை தெரியாது.

தம்பி, எங்கட காணியை ட்ரோனால அளந்து உறுதி முடிக்கலாமா? வேலிச் சண்டை ஒண்டு இருக்கு.

ஐயா, முடியாது. உறுதிக்கும் எல்லைக்கும் செல்லுபடியாகும் வரைபடத்தைப் பதிவும் அனுமதிப்பத்திரமும் உள்ள நில அளவையாளர்தான் தயாரித்துக் கையெழுத்திட வேண்டும். 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க அளவைச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. அவர் தன் வேலைக்கு ட்ரோன் படத்தைத் துணையாக வைத்துக்கொள்ளலாம், அது அவர் தீர்மானம். எல்லைக்கல் பூவரசு வேலிக்குள் புதைந்து கிடந்தால் மேலிருந்து எந்தக் கமராவுக்கும் அது தெரியாது. படத்தில் தெரிவது இன்று வேலி எங்கே நிற்கிறது என்பது. வேலி நிற்க வேண்டிய இடம் எது என்பதில்தானே உங்கள் சண்டை!

கடற்கரையில நிண்டு எடுத்தா உயரம் மைனஸ் 90க்கு மேல காட்டுது. ட்ரோன் பழுதா?

பழுதில்லை. ஜிபிஎஸ் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து கணக்கிடுவதில்லை, பூமிக்குப் பொருத்தமாகக் கற்பனை செய்த ஒரு நீள்கோள மேற்பரப்பிலிருந்து கணக்கிடுகிறது. புவியீர்ப்பால் அமையும் கடல் மட்டம் அந்த மேற்பரப்பை விட உலகத்திலேயே மிகத் தாழ்ந்திருக்கும் பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் இருக்கிறது. அங்கே வித்தியாசம் ஏறத்தாழ 106 மீற்றர். திருகோணமலையும் அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் இருக்கிறது. அதனால் உப்புவெளிக் கடற்கரையில் கால் நனைய நின்றாலும் நீள்கோளக் கணக்கில் நீங்கள் 90 மீற்றருக்கு மேல் தாழ்வில் நிற்கிறீர்கள்.

கடல் மட்டத்துக்கும் அந்த நீள்கோளத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லும் கணக்குக்கு ஜியோயிட் மாதிரி என்று பெயர். மென்பொருளில் பொருத்தமான ஒன்றைத் தெரிவு செய்தால் பெரும்பகுதி சரியாகும். வடிகால், குளக்கட்டு போன்ற தண்ணீர் ஓடும் வேலையென்றால் அதை மட்டும் நம்பாமல், நில அளவைத் திணைக்களம் உயரம் அளந்து பதித்த மட்டக்குறி ஒன்றோடு இணைத்துக்கொள்ளுங்கள். ஆள்கூற்று முறையையும், அதாவது இடத்தை எண்களால் குறிக்கும் முறையையும், தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். உலகப் பொது முறையில் நாம் யூடிஎம் 44 வடக்கு வலயம். உள்ளூர் வரைபடங்களோடு பொருத்துவதானால் 1999 இலங்கை ஆள்கூற்று முறை வேண்டும். இரண்டையும் கலந்தால் வீடு கடலுக்குள் போய்விடும்.

வயல்காரருக்கு இதால என்ன லாபம்?

ஒன்றிரண்டு ஏக்கர் செய்பவருக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, வரம்பில் நடந்தாலே எல்லாம் தெரியும். கந்தளாய்ப் பக்கம் போல பெரிய வெளிகளில் விஷயம் வேறு. எந்த வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை, எங்கே பயிர் மஞ்சளித்திருக்கிறது, வெள்ளம் எதுவரை நின்றது என்பதை ஒரே படத்தில் காட்டலாம். அகச்சிவப்புக்கு அண்மித்த ஒளியையும் பிடிக்கும் பல்நிறமாலைக் கமரா இருந்தால் பயிரின் வாட்டம் கண்ணுக்குத் தெரிய முன்பே தெரியும். நஷ்டஈடு கேட்கும்போது திகதியிட்ட ஓர்தோ படம் வாய்ப்பேச்சை விடப் பலமானது.

அப்ப குளக்கட்டு இறங்குதா எண்டு பாக்கலாமா?

1986 ஏப்ரல் 20இல் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்ததை மறக்காத ஊர் என்பதால் இந்தக் கேள்வி விளையாட்டாக வருவதில்லை. கட்டின் மொத்த வடிவம், அரிப்புப் பள்ளம், கால்நடை ஏறி இடிந்த இடம், கோடையில் வற்றிய குளத்தில் எவ்வளவு தூர்ந்திருக்கிறது, இவற்றைப் போட்டோகிராமெட்ரி நன்றாகக் காட்டும். புல் மூடிய கட்டில் அது பார்ப்பது புல்லின் நுனியை. போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் 10 சென்ரிமீற்றர் வித்தியாசம் வந்தால் கட்டு இறங்கியதா, புல்லை மாடு மேய்ந்ததா என்று சொல்ல முடியாது. மில்லிமீற்றர் கணக்கில் இறங்குவதைக் கண்டுபிடிக்கப் பதித்து வைத்த குறிகளும் உயர வித்தியாசம் அளக்கும் மட்டமானியும்தான் வேண்டும்.

லைடார் இருக்கிற போன் வாங்கினா இதெல்லாம் தேவையில்லையே?

லைடார் என்பது ஒளித்துடிப்பு அனுப்பி, அது பட்டுத் திரும்புவதை வைத்துத் தூரம் அளக்கும் கருவி. அறை, கதவு, ஜன்னல் அளவுக்குப் போன் லைடார் விரைவானது, அளவையும் தானே தரும். ஆனால் சில மீற்றருக்கு அப்பால் அதற்கு எட்டாது. நுண்ணிய செதுக்கலும் அதில் மழுங்கிவிடும். ட்ரோனில் பொருத்தும் பெரிய லைடார் வேறு சாமான். அதன் ஒளித்துடிப்புகளில் சில இலை இடுக்குகளால் தரைவரை போய்த் திரும்பும். திரியாய்ப் பக்கத்துக் காடு போன்ற இடத்தில் மரத்துக்குக் கீழே உள்ள நிலம் வேண்டுமென்றால் அதுதான் வழி. திறந்த வெளியென்றால் போட்டோகிராமெட்ரி செலவு குறைவு, நிறமும் கூடவே வரும்.

கணனி பெரிசா வேணுமா? மென்பொருளுக்குக் காசு கட்டோணுமா?

காசு கட்டாமலே தொடங்கலாம். மெஷ்ரூம், கோல்மாப், வெப்ஓடிஎம் மூன்றும் திறந்த மூல மென்பொருட்கள். முதல் இரண்டும் பொருட்களுக்கும் சிற்பங்களுக்கும், மூன்றாவது ட்ரோன் வரைபடத்துக்கும் வசதி. மெஷ்ரூமை முழுதாக ஓட்ட என்விடியா வரைகலை அட்டை தேவை. தொழிலாகச் செய்பவர்கள் மெட்டாஷேப், பிக்ஸ்4டி போன்றவற்றை வாங்குகிறார்கள். 16 ஜிபி நினைவகத்தோடு சில நூறு படங்களைச் சமாளிக்கலாம். அதற்கு மேலென்றால் இரவில் ஓடவிட்டுப் படுங்கள், கரண்ட் போகாமல் இருக்க வேண்டும்.

பிரெட்ரிக் கோட்டை வாசல் கல்வெட்டு தேஞ்சு போச்சே, இதால வாசிக்கலாமா?

நல்ல கேள்வி. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். வாசலில் இன்றும் இரட்டை மீன் சின்னமும் தமிழ் எழுத்தும் உள்ள கல் இருக்கிறது. இத்தகைய கல்லை மிக அருகில் நின்று, படங்கள் ஒன்றன்மேல் ஒன்று அதிகமாகப் படியும்படி எடுத்தால் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த மேடுபள்ளம்கூட மாதிரியில் வரும். பிறகு நிறத்தை நீக்கிவிட்டு, வெறும் வடிவத்தின் மேல் பக்கவாட்டில் செயற்கை வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும். பாசியும் பெயின்ற்றும் மறைந்து செதுக்கல் மட்டும் நிழலோடு எழும். வெளிச்சத்தை எந்தப் பக்கமும் திருப்பலாம், மையோ மாவோ கல்லில் பூசத் தேவையில்லை. முற்றாகச் சிதைந்த எழுத்தை இது திருப்பித் தராது.

எடுப்பதற்கு முன் தொல்லியல் திணைக்களத்திடம் கேளுங்கள். கோட்டைக்குள் இராணுவமும் இருப்பதால் அவர்களிடமும் கேட்க வேண்டும்.

கடலுக்கடியில செய்யலாமா? சுவாமி மலைக்குக் கீழ கோயில் கல்லெல்லாம் கிடக்குதே.

செய்யலாம். கோணேசர் கோயில் நிற்கும் அந்த மலையடியில் 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் சுழியோடிக் கற்தூண்களைக் கண்டதிலிருந்து ஊரில் இந்த ஆசை இருக்கிறது. உலகெங்கும் கடலடித் தொல்லியலாளர்கள் மூழ்கிய கப்பல்களை இப்படித்தான் பதிவு செய்கிறார்கள். அடியில் செலவழிக்கும் நிமிடங்கள் குறைவு என்பதால், படத்தை எடுத்துக்கொண்டு வந்து மேலே இருந்து ஆறுதலாக அளப்பது பெரிய வசதி.

தண்ணீருக்குள் ஜிபிஎஸ் வேலை செய்யாது. எனவே மேலே சொன்ன அளவுகோல்தான் தெய்வம். ஒன்றல்ல, பலவற்றைப் பரப்பி வையுங்கள். சில மீற்றர் இறங்கியதுமே சிவப்பு நிறம் போய்விடும், விளக்குத் தேவை. கமராவுக்குத் தட்டையான கண்ணாடி உறையை விடக் கும்மட்ட உறை படத்தின் கோணலைக் குறைக்கும். காலமும் முக்கியம். வடகீழ்ப் பருவக்காற்றில் கிழக்குக் கடல் கலங்கிக் கிடக்கும். மே முதல் செப்ரெம்பர் வரை தெளிவு. நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவில் பவளப்பாறையை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டு, எது வளர்ந்தது, எது வெளிறி உடைந்தது என்று அளப்பதற்கும் இதே முறைதான். அது தேசியப் பூங்கா, வனசீவராசிகள் திணைக்கள அனுமதியில்லாமல் இறங்க வேண்டாம்.

தண்ணி தெளிவா இருந்தா மேல இருந்தே ட்ரோனால ஆழம் எடுக்கலாம்தானே?

எடுக்கலாம், ஆனால் வருவது பொய் ஆழம். ஒளி தண்ணீரிலிருந்து வெளியேறும்போது முறிவதால் அடி மேலே உயர்ந்தாற்போல் தெரியும். நேர் கீழே பார்க்கும்போது உண்மை ஆழம், தெரியும் ஆழத்தைப்போல் ஏறத்தாழ 1.34 மடங்கு. மாதிரியில் 2.2 மீற்றர் வந்தால் உண்மையில் 3 மீற்றருக்குக் கிட்ட. படத்தின் ஓரங்களில் சாய்ந்து பார்ப்பதால் இந்தப் பெருக்கமும் மாறும். சில இடங்களில் கயிறு விட்டு அளந்து சரிபார்க்காமல் யாருக்கும் கொடுக்காதீர்கள், முக்கியமாகத் தோணி ஓட்டுபவர்களுக்கு.

திமிங்கிலத்தையும் அளக்கிறாங்களாமே?

உண்மைதான். ஒற்றைப் படத்திலேயே அளக்கிறார்கள், ஏனென்றால் அது நின்று போஸ் கொடுக்காது. பறக்கும் உயரமும் கமராவின் குவியத்தூரமும் தெரிந்தால் பிக்சலை எண்ணி நீளம் சொல்லலாம். இங்கே எல்லாம் உயரத்தில் தொங்குகிறது. உயரம் 1 வீதம் பிழைத்தால் நீளமும் 1 வீதம் பிழைக்கும். 25 மீற்றர் நீலத் திமிங்கிலத்தில் அது 25 சென்ரிமீற்றர். ட்ரோனின் காற்றழுத்த உயரமானி அவ்வளவு நம்பகமில்லாததால் ஆய்வாளர்கள் லேசர் உயரமானி பூட்டுகிறார்கள். நீளத்தோடு அகலத்தையும் அளந்தால் விலங்கு கொழுத்திருக்கிறதா, பட்டினியா என்பதும் தெரியும்.

வேற எங்க பாவிக்கிறாங்க?

விபத்து நடந்த வீதியில் ரயர் தடங்களையும் வாகனங்களின் நிலையையும் மழை அழிக்க முன்பு பதிவு செய்ய. முகச் சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட. எலும்பில் சின்ன உலோக மணிகள் பதித்து, இரண்டு எக்ஸ்ரே படங்களிலிருந்து செயற்கை இடுப்பு மூட்டு நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க. இதில் ஒரு மில்லிமீற்றரின் சிறு பங்கைக்கூடப் பிடிக்கிறார்கள். கணனி விளையாட்டுகளில் நிஜப் பாறை, நிஜ மரவேரைக் கொண்டுவர. கட்டட வேலை எவ்வளவு முடிந்தது என்று வாரா வாரம் பார்க்க. பட்டியல் நீளும்.

திருகோணமலையில எங்கயும் ட்ரோன் பறக்க விடலாமா?

விடமுடியாது. சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் இருக்கின்றன. கடற்படைத் தளம், சீனக்குடா விமானத்தளம், துறைமுகம், எண்ணெய்க் குதங்கள் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஊர் இது. விதிகள் மாறுவதுண்டு என்பதால் ஒவ்வொரு வேலைக்கும் முன்பு அதிகாரசபையிடம் நேரே உறுதிப்படுத்துங்கள். போன வருடம் கிடைத்த அனுமதி இந்த வருடத்துக்கு உதவாது.

இடிஞ்சு போன எங்கட பழைய கோயிலைக் கலியாணப் படங்களை வச்சு மீட்கேலுமா?

சில வேளை முடியும். ஆப்கானிஸ்தானின் பாமியான் புத்தர் சிலைகள் 2001இல் தகர்க்கப்பட்ட பின், சூரிச்சிலுள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் பெரிய சிலையை 1970இல் அளவைக்கென்றே எடுத்த பழைய படங்களிலிருந்து முப்பரிமாணத்தில் மீட்டார்கள். சுற்றுலாப் பயணிகளின் படங்களிலும் முயன்று பார்த்தார்கள். அளவைப் படங்களில் வந்த துல்லியம் அவற்றில் வரவில்லை.

கலியாணப் படத்தில் கோயில் பொதுவாக மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் ஒரு துண்டாகத்தான் தெரியும். ஆனாலும் ஒரே பக்கத்தைக் காட்டும் மூன்று நாலு படங்கள் வேறுவேறு கோணத்தில் கிடைத்தால், அந்தப் பக்கத்தை மட்டும் கட்டியெழுப்பலாம். ஊர் முழுக்கக் கேட்டுச் சேருங்கள். வெட்டாத படம், முடிந்தால் நெகட்டிவ். எஞ்சியிருக்கும் ஒரு படிக்கட்டையோ தூணையோ இன்று அளந்தால் அளவும் கிடைத்துவிடும்.

ஒரே ஒரு படத்தைக் குடுத்தா ஏஐ முப்பரிமாணம் செஞ்சு தருதே, பிறகேன் இவ்வளவு பாடு?

படத்தில் இல்லாத பின்பக்கத்தை ஏஐ ஊகித்து நிரப்புகிறது. பார்க்க நன்றாக இருக்கும், விளம்பரத்துக்கும் விளையாட்டுக்கும் போதும். முந்தின கேள்வியில் வந்த கோயிலை அப்படிச் செய்தால், எந்தச் சிற்பம் உண்மையில் இருந்தது, எது கணனியின் கற்பனை என்று பத்து வருடம் கழித்து யாராலும் பிரிக்க முடியாது. திருப்பணிக்குச் சிற்பியிடம் கொடுப்பதானால் படங்களிலிருந்து வந்த பகுதியை ஒரு நிறத்திலும் ஊகத்தை இன்னொரு நிறத்திலும் காட்டி, மூலப் படங்களையும் சேர்த்துக் கொடுங்கள். மணல் கும்பியை ஏஐ அளந்ததென்று பில் போட்டால் மட்டும் காசு தராதீர்கள்.